நெடும்பயணக் களைப்பைக் கான்டனீஸில் எப்படிச் சொல்வது?

ஹாங்காங்கில் தூன் முன் பகுதியில் இருக்கிறேன். இங்கே பேசுவது கான்டனீஸ் என்ற சீன மொழி. போன வாரம்தான் ஊரிலிருந்து திரும்பினேன். நடுவில் விமானம் மாறி வீடு வந்து சேர 14 மணி நேரம். லிஃப்டில் பக்கத்து வீட்டுப் பாட்டி விசாரித்தார். 'ரொம்பக் களைப்பு' என்று நினைத்துக்கொண்டு "ஹோ க்வை" என்றேன். டிக்கெட் எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்! எங்கே தப்பு? அகராதியில் 'சௌ செ லோ தொன்' என்று ஒரு தொடர் இருக்கிறது, அதைச் சொல்லலாமா?

பதில் 1:
உயிரொலிதான் தப்பு. களைப்புக்கு 'குய்'. 'க்வை' என்றால் விலை அதிகம். உகரத்தை நீட்டி, குரலைத் தாழ்த்தி, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிப் பாருங்கள். ககரம் நம் 'கல்'லில் வருவதேதான், அதில் சிக்கலில்லை.

'சௌ செ லோ தொன்' என்றால் படகிலும் வண்டியிலும் வந்த அலுப்பு. வெளியூர் விருந்தினரை வரவேற்றுப் பேசும்போது அழகாக இருக்கும். லிஃப்டுக்கு வேண்டாம்.

பதில் 2:
அண்ணா, நான் இங்கேயே வளர்ந்தவள். வீட்டில் நாங்கள் உடம்பைச் சொல்லித்தான் பேசுவோம். செய்த வேலை, அப்புறம் 'தோ', அப்புறம் அதனால் என்ன ஆனது என்பது. "ச்சோ தோ யிவ் துங்": உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலி. "ஹாங் தோ கோக் யூன்": நடந்து நடந்து கால் துவண்டுபோச்சு. இந்த அச்சு கைக்கு வந்துவிட்டால் தொடர்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

'ஸான் சோங் ஸொய் யூன்' மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மலை நீளம், தண்ணீர் தூரம் என்று பொருள். ஹாங்காங்கின் கிழக்குக் கோடியிலுள்ள சாய் வானிலிருந்து ஒருவர் உங்கள் தூன் முன் வரை வந்தால் இதைத்தான் சொல்வார். களைப்பைவிட, அவ்வளவு தூரம் வந்த பாடுதான் இதில் பெரிது. இதிலுள்ள 'யூன்' தூரம், காலுக்குச் சொன்ன 'யூன்' துவளல். இரண்டுக்கும் ஒலியும் ஒன்று, சுரமும் (குரலின் ஏற்ற இறக்கமும்) ஒன்று.

கேட்டவர்:
ரொம்ப நன்றிம்மா. இன்று காலை பாட்டியிடம் "ச்சோ தோ யிவ் துங்" என்றேன். உடனே என் முதுகைத் தட்டி "ஸன் ஃபூ ஸாய்" என்றார். நானும் அதையே திருப்பிச் சொல்லலாமா?

பதில் 2:
சொல்லக்கூடாது அண்ணா. அது 'ரொம்பச் சிரமப்பட்டுவிட்டீர்கள்' என்று பாடுபட்டவரைப் பார்த்து மற்றவர் சொல்வது. நீங்கள் "ம் கோய்" என்று நன்றி சொன்னால் போதும்.