சுர்ட்சியில் பாதி போய்விட்டதா?

கடல்காகம்:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "எரிமலைத் தீவு முழுக்கப் பாறை. அதன் கரை மாறாது. கரைவதெல்லாம் மணல் திட்டுகள்தான்." படித்ததும் டீ புரையேறிவிட்டது. ஐஸ்லாந்துக்குத் தெற்கே இருக்கும் சுர்ட்சியைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. 1963 நவம்பர் 14 காலையில் ஒரு மீன்பிடிப் படகின் சமையல்காரர் கடலில் புகை எழுவதைப் பார்த்தார். 1967 ஜூனில் எரிமலை அடங்கியபோது அது 2.65 சதுர கிலோமீட்டர் தீவு. இன்று அதில் பாதி இல்லை. பாறை கரையாதாம்!

பாறைமணி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது சுர்ட்சி சுமார் 1.4 இருந்தது. 2.65இல் பாதி 1.325. 1.4 அதைவிடப் பெரிது. வகுத்தல் கணக்கு நாலாம் வகுப்புப் பாடம்.

கடல்காகம்:
2008க்குப் பிறகு கடல் லீவு எடுத்துக்கொண்டதா? இப்போது 1.3க்கும் கீழே. பாதி போயாச்சு.

நெய்தல்வாசி:
இருவரும் எதை அளக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பரப்பா, கன அளவா? வடக்கே உருண்டைக் கற்களும் மணலும் சேர்ந்து ஒரு நாக்கு நீண்டிருக்கிறது. குளிர்காலப் புயலில் அலை அதன் மேலேயே ஏறிப் போகும். அது கணக்கில் உண்டா, இல்லையா?

பாறைமணி:
அதெல்லாம் அப்புறம் பேசலாம். பாதி என்று சொன்னாரா, இல்லையா?

கடல்காகம்:
சொன்னேன். இன்னொரு முறையும் சொல்கிறேன்: பாதி. தென்மேற்கிலிருந்து அலை வந்து மோதுகிறது. எரிமலைக்குழம்பு உறைந்த செங்குத்துப் பாறையின் அடியை அரிக்கிறது, மேலே இருப்பது சரிகிறது. சரிந்த கல்லை அலை உருட்டி உருட்டி வடக்கே தள்ளுகிறது. அந்த நாக்கே அப்படி வந்ததுதான். பக்கத்தில் சிர்ட்லிங்கூர், யோல்னிர் என்று இரண்டு குட்டித் தீவுகளும் முளைத்தன. சாம்பல் மேல் குழம்பு மூடாததால் முதலாவது 1965லும் மற்றது 1966லும் கடலோடு போய்விட்டன. சுர்ட்சிக்கு 1964 ஏப்ரலிலிருந்து குழம்பு வழிந்து கவசம் போட்டதால்தான் இவ்வளவாவது மிச்சம்.

பாறைமணி:
பார்த்தீர்களா, குழம்பு மூடினால் நிற்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதோடு நடுவில் இருக்கும் சாம்பல், சூட்டிலும் நீரிலும் இறுகி பாலகோனைட் என்ற கெட்டிப் பாறையாகிவிட்டது. அதை அலை லேசில் அசைக்காது. நான் சொன்னது அந்தப் பாறையை.

கடல்காகம்:
நீங்கள் சொன்னது "முழுக்கப் பாறை". இப்போது "நடு" என்கிறீர்கள். போன வருஷம் சுர்ட்சிக்குப் பக்கத்துத் தீவான ஹெய்மேயி பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் நடுவில் கட்சி மாறினீர்கள். மறக்கவில்லை.

பாறைமணி:
அதை இழுத்தது நீங்கள், சரி. 1973இல் ஹெய்மேயியில் குழம்பு கடலுக்குள் இறங்கி இரண்டு சதுர கிலோமீட்டருக்கு மேல் புது நிலம் சேர்ந்தது. துறைமுக வாய் அடைபடாமல் இருக்கக் கடல்நீரைப் பம்பு வைத்து அடித்தார்கள். ஹவாயில் 2018இல் சுமார் 3.5 சதுர கிலோமீட்டர் கூடியது. எரிமலைத் தீவு வளரும் என்றேன், வளர்ந்தது.

கடல்காகம்:
அதே ஹவாயில், கமோகுனாவில், புதிதாகக் கட்டிய கரை 2016 டிசம்பர் 31 அன்று இடிந்து கடலில் விழுந்தது. பத்து ஹெக்டேருக்கு மேல், சில மணி நேரத்தில். அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

சும்மாவந்தேன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "சுர்ட்சி தீவு" என்று யாரும் எழுதாதீர்கள். ஐஸ்லாந்து மொழியில் அந்தப் பெயரின் (Surtsey) கடைசியில் இருக்கும் "எய்" (ey) என்றாலே தீவுதான். "கேட்டு வாசல்" மாதிரி ஆகிவிடும். சுர்ட் என்பவன் அந்நாட்டுப் பழங்கதைகளில் வரும் நெருப்பு அரக்கன்.

பாறைமணி:
இங்கே யாரும் அப்படி எழுதவில்லை, ஐயா.

சும்மாவந்தேன்:
எழுதிவிடக் கூடாதே என்றுதான். ஆராய்ச்சியாளர் தவிர யாரையும் விடாத அந்த இடத்தில் ஒரு தக்காளிச் செடி முளைத்த கதை தெரியுமா? யாரோ ஒதுங்கிய இடத்தில். பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.

நெய்தல்வாசி:
தக்காளி வரைக்கும் வந்துவிட்டோம். என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நாக்கு சேர்த்தா, சேர்க்காமலா?

கடல்காகம்:
எப்படி அளந்தாலும் பாதி. உயரத்தைக் காட்டித் தப்பிக்கவும் வேண்டாம். கரை என்றால் கரை.

பாறைமணி:
உயரம் பற்றி நான் வாயே திறக்கவில்லை! நீங்கள் சொன்ன அன்றைக்கு, 2008 கணக்குப்படி, பாதி இல்லை.

கடல்காகம்:
நான் சொன்னது நேற்று. 2008இல் இல்லை.

பாறைமணி:
நேற்று இல்லை, இன்று காலை. மேலே போய்ப் பாருங்கள்.