கீரைப் பாத்தியில் நாற்றழுகல், வழி சொல்லுங்க

வணக்கம். மாடித்தோட்டப் பயிற்சிக்கு வர்றவங்க கீரையைத் தாங்களே பறிச்சு, அங்கேயே மசியல் வச்சு சாப்பிடணும்னு திட்டம். சிறுகீரை 25 நாள்ல பறிப்புக்கு வந்துடும். ஆனா முளைச்ச ஒரே வாரத்துல, மண்ணை ஒட்டின தண்டு நூலாச் சுருங்கி நாற்று சாய்ஞ்சிடுது.

செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, தென்னைநார்க் கழிவு 1. நார்க்கட்டியை மூணு தண்ணி மாத்தி அலசியாச்சு. விதையை மணலோட கலக்காம தூவினதால நெருக்கமா விழுந்திருக்கு. சாயங்காலம் ஊத்துற தண்ணி ராத்திரி முழுக்க நிக்குது. ரெண்டையும் மாத்துறோம்.

டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்குற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி) விதை நேர்த்திக்கு, கிலோ விதைக்கு 4 கிராம். எங்க 50 கிராம் விதைக்கு 0.2 கிராம்தான், அதை எப்படி அளக்குறீங்க? மண்புழு உரத்துல கலந்து தூவலாமா? சாய்ஞ்ச பாத்தியில மறுபடி விதைக்க எத்தனை நாள் விடணும்? சாப்பிடுற கீரை, ரசாயன மருந்து வேண்டாம்.