மறு: வெப்பத்தளர்வா, வெப்பநிறுத்தமா?

வணக்கம் நண்பர்களே,

ஆக்‌ஷன் கேமரா (ஹெல்மெட்டிலோ பைக்கிலோ மாட்டிப் படமெடுக்கும் சிறு கேமரா) சூடேறிப் பதிவு நின்றுபோவதைத் தமிழில் 'வெப்பத்தளர்வு' (thermal throttling) என்று சொல்லலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். சொல் அழகானது. பசியால் வருவது பசிமயக்கம். அதே வார்ப்பில் வெப்பத்தால் வரும் தளர்வு. முன்பு பேசிய 'வெப்பக் கட்டுப்பாடு', 'வெப்பத்தணிப்பு' இரண்டையும்விட இது மேல். அவை வெப்பத்தைக் குறைக்கும் வேலையைக் குறிப்பவை. மின்விசிறி வைப்பதும் அலுமினியத் தகடு பொருத்துவதும்கூட அவற்றில் அடங்கிவிடும்.

ஆனால் 'வெப்பத்தளர்வை' ஃபோனுக்கும் மடிக்கணினிக்கும் வைத்துக்கொள்வோம். ஆக்‌ஷன் கேமராவில் நடப்பது வேறு.

ஃபோனின் பிராசசர் சூடேறினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விளையாட்டு கொஞ்சம் திக்கும், பக்கம் தாமதமாகத் திறக்கும், அவ்வளவுதான். வேலை நடந்துகொண்டே இருக்கும். வீடியோ பதிவில் அந்தச் சலுகை கிடையாது. நொடிக்கு 60 ஃபிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படம்) என்றால் 16.7 மில்லிநொடிக்கு ஒரு ஃபிரேம் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் சென்சாரிலிருந்து வாங்கி, குலுக்கலைச் சரிசெய்து, சுருக்கி, கார்டில் எழுதியாக வேண்டும். பிராசசர் மெத்தனம் காட்டினால் ஃபிரேம் தவறும், படம் வெட்டி வெட்டி ஓடும். அதனால் திரையில் வெப்பமானிச் சின்னத்தைக் காட்டி, பதிவை முடித்துச் சேமித்துவிட்டு, கேமரா அணைந்துவிடுகிறது. இதில் தளர்வு எங்கே இருக்கிறது? நின்றே போகிறது. 'வெப்பநிறுத்தம்' என்பதுதான் என் பரிந்துரை.

> 'வெப்பத்துண்டிப்பு' என்றால் இன்னும் அழுத்தமாக இருக்குமே?

அழுத்தம் இருக்கும், ஆனால் மின்சாரத்தை வெட்டிவிடும் பொருள் அதில் தூக்கலாக இருக்கிறது. இஸ்திரிப் பெட்டிக்குள் சூடு எல்லை மீறினால் மின்னோட்டத்தையே அறுத்துவிடும் சிறு பாகம் இருக்கிறதே, அதற்கு அந்தச் சொல்லை ஒதுக்கி வைக்கலாம். கேமரா கோப்பை ஒழுங்காக மூடிவிட்டுத்தான் அணைகிறது.

இந்த வேறுபாட்டில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் பயனர் கையேடு. 'தளர்வு' என்று படிப்பவர், கேமரா தானே வேகத்தைக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளும் என்று நம்பி, கல்யாண மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தாலி கட்டும் நேரத்தில் அது அணைந்திருக்கும். உள்ளங்கையளவு உடல், தண்ணீர் புகாத அடைப்பு, உள்ளே விசிறி இல்லை. உள்ளே பிறக்கும் சூடு வெளிப்பரப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓடும் பைக்கில் எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதே அமைப்பில் காற்றில்லாத அறையில் அசையாமல் நிற்கும்போதுதான் சிக்கல். கோப்ரோ நிறுவனத்தின் ஹீரோ வகைக் கேமராக்களுக்குச் சொல்லப்படும் உச்சச் சூழல் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ். நம் ஊர் மே மாதத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும்.

ஆகவே குறைப்பதை முன்கூட்டியே நாம்தான் செய்ய வேண்டும். படத்தின் தெளிவையும் வேகத்தையும் 5.3கே, நொடிக்கு 60 ஃபிரேமிலிருந்து 4கே, 30 ஃபிரேமுக்கு இறக்குவது, ஜிபிஎஸ், வைஃபை, பின்திரை ஆகியவற்றை அணைப்பது, ஸ்டாண்டில் இருக்கும்போது குலுக்கல் திருத்தத்தை நிறுத்துவது எல்லாம் இதில் சேரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடக்கூடிய மாடல் என்றால் அதுவும் நன்றாகவே உதவும். கையேட்டில் இப்படி எழுதலாம்: "வெப்பநிறுத்தம் நேராமல் இருக்க, நீண்ட பதிவுக்கு முன் ஃபிரேம் வேகத்தைக் குறையுங்கள்." படிப்பவருக்கு என்ன நடக்கும், என்ன செய்ய வேண்டும் இரண்டும் புரிந்துவிடும்.

அப்புறம், அணைந்த கேமரா மறுபடி இயங்கத் தயாராகும்வரை காத்திருக்கும் இடைவெளிக்கும் ஒரு சொல் வேண்டும். காபி ஆறுகிறது, சோறு ஆறுகிறது என்று சொல்கிறோமே, அதே வினையிலிருந்து 'ஆறுநேரம்' என்று யோசித்தேன். எண் ஆறு குறுக்கே வந்து குழப்புமோ என்ற தயக்கம் இருக்கிறது. 'ஆறும்நேரம்' போதுமா, இல்லை 'குளிர்நேரம்' சரியா? உங்களுக்கு எது நாக்கில் உட்காருகிறது என்று எழுதுங்கள்.