மாரடைப்பு 31% குறைந்ததா, 2.4% குறைந்ததா? ஆய்வு முடிவைப் படிப்பது எப்படி?

தேன்சிட்டு:
கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பிரவாஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பை 31% குறைத்தது என்று 1995இல் வந்த ஸ்காட்லாந்து ஆய்வைக் காட்டுகிறார்கள். இன்னொருவர் அதே ஆய்வை வைத்து 2.4%தான் என்கிறார். எது சரி? ஆஸ்பிரினிலும் இதே குழப்பம்: உயிர் காக்கும் என்று ஒரு ஆய்வு, பயனில்லை என்று இன்னொன்று. எதை நம்புவது?

கணக்குப்பிள்ளை:
இரண்டு எண்ணும் சரிதான். அந்த ஆய்வில் கொலஸ்ட்ரால் அதிகமிருந்த, அதுவரை மாரடைப்பு வராத ஆண்கள் 6,595 பேர். ஐந்து வருடத்தில் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேரும் வாய்ப்பு வெற்று (மருந்தில்லாத) மாத்திரைக் குழுவில் 7.9%, மருந்துக் குழுவில் 5.5%. கழித்தால் 2.4. அந்தக் குறைவை 7.9உடன் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 31% வருவது அங்கிருந்துதான்.

நமக்குக் கைகொடுப்பது கழித்து வரும் எண். 100ஐ 2.4ஆல் வகுங்கள்: 42. அதாவது 42 பேர் ஐந்து வருடம் தினமும் மாத்திரை போட்டால் ஒருவர் தப்புகிறார். இந்த 42 எல்லாருக்கும் பொருந்தாது. அடிப்படை ஆபத்து 20% உள்ளவர்களிடம் அதே 31% குறைந்தால் 16 பேருக்கு ஒருவர். 2% மட்டுமே உள்ளவர்களிடம் சுமார் 160 பேருக்கு ஒருவர். மருந்து ஒன்றுதான், ஆள்தான் வேறு. கால அளவைச் சொல்லாமல் இந்த எண்ணை மட்டும் யாராவது நீட்டினால் ஏற்காதீர்கள்.

மருந்துப்பெட்டி:
ஆஸ்பிரினில் இரண்டு ஆய்வையும் நம்பலாம், கேட்ட கேள்விதான் வேறு. 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் இருந்தவர்கள் மாரடைப்பு என்ற சந்தேகத்தோடு 24 மணி நேரத்துக்குள் வந்த 17,187 பேர். இதயக் குழாயில் ரத்தம் அப்போதுதான் உறைந்துகொண்டிருக்கிறது. தினம் 160 மி.கி., ஒரு மாதம். ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் மரணம் வெற்று மாத்திரைக் குழுவில் 11.8%, ஆஸ்பிரின் குழுவில் 9.4%.

2018இல் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் இருந்தவர்கள் இதயநோய் இல்லாத முதியவர்கள் 19,114 பேர், பெரும்பாலோர் 70 வயதுக்கு மேல். தினம் 100 மி.கி., சுமார் 4.7 வருடம். இதயநோய், பக்கவாத ஆபத்து வெற்று மாத்திரைக் குழுவைப் போல 0.95 மடங்கு, ஆனால் அதன் நம்பக இடைவெளி (உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை) 0.83 முதல் 1.08 வரை. 17% நன்மையும் இருக்கலாம், 8% தீமையும் இருக்கலாம் என்று பொருள். கடும் ரத்தக்கசிவோ வெற்று மாத்திரையில் 2.8%, ஆஸ்பிரினில் 3.8%, அதாவது 100 பேருக்கு ஒருவர் கூடுதல். இதைப் படித்துவிட்டு, ஸ்டென்ட் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் இந்த ஆய்வில் இல்லவே இல்லை.

எதை அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். மாரடைப்புக்குப் பின் வரும் தாறுமாறான துடிப்புகளை என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் ஈசிஜியில் அழகாக அடக்கின. காஸ்ட் ஆய்வில் 755 பேருக்கு இவற்றில் ஒன்றையும் 743 பேருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்து மரணத்தை எண்ணினார்கள். மருந்தில் 63 பேர், வெற்று மாத்திரையில் 26 பேர் இறந்திருந்தார்கள். ஈசிஜியை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

தேன்சிட்டு:
நன்றி, தெளிவாகிவிட்டது. மொத்தத்தில் பயனில்லை, ஆனால் பெண்களுக்கு மட்டும் பயன் உண்டு என்று ஒரு ஆய்வு சொன்னால்?

கணக்குப்பிள்ளை:
அந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 துணைக்குழுவாக வெட்டிப் பார்த்தால், சக்தியே இல்லாத மருந்துக்கும் ஒன்றிலாவது பொய்யான வித்தியாசம் தோன்ற 64% வாய்ப்பு (தற்செயலுக்கு 5% இடம் தரும் வழக்கமான அளவுகோலில்). அந்தப் பிரிவை முன்கூட்டியே அறிவித்தார்களா என்று ஆய்வுப் பதிவேட்டில் (ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதியும் இடம்) தேடுங்கள். முதன்மை விளைவை, அதாவது முக்கியமாக எதை அளப்போம் என்று சொன்னதை, இடையில் மாற்றியிருந்தால் தேதியோடு அதுவும் அங்கே தெரியும்.

ஐசிஸ்-2 குழுவினர் இதைக் காட்டுவதற்காகவே நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் சற்றே கெடுதல் என்று வந்தது. மற்ற பத்து ராசிக்கும் சேர்த்துப் பார்த்தால் பயன் பளிச்சென்று தெரிந்தது.