மறுமொழி: வண்டிக் கணினி 'ரீசெட்' – மீட்டமையா, மறக்கடிப்பா?

அன்பு நண்பர்களே,

பட்டறையில் சொல்லும் 'ரீசெட்'டுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று போன வாரம் நம் குழுவில் நான் கேட்டதற்கு வந்த பதில்களை எல்லாம் படித்தேன். "ரீசெட் என்றால் மீட்டமை, அது பழகிப்போன சொல், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது" என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதியிருக்கிறீர்கள். தப்பு என்னுடையது. சொல்லை மட்டும் கேட்டேன், வண்டியைக் காட்டவில்லை. இப்போது காட்டுகிறேன். கொஞ்சம் நீளும்.

என்னுடையது 2016-இல் வாங்கிய பெட்ரோல் கார். சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து தருமபுரி வரும்போது தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் ரேடியேட்டர் ஓஸ் வெடித்தது. நான் வெப்பம் காட்டும் முள்ளைப் பார்ப்பதற்குள், இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்து, வால்வு தேய்த்து, இன்ஜினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் மேனிபோல்டில் கசிந்துகொண்டிருந்த பேக்கிங்கை மாற்றி, அந்தக் காற்றைக் கூட்டிக் குறைக்கிற, கரி படிந்த த்ராட்டில் பாடியைக் கழுவி மாட்டினார்கள். பில்லின் கடைசி வரி: "ஈசிஎம் ரீசெட் – 850". ஈசிஎம் என்றால் இன்ஜினை ஆளும் கணினி, நாம் கட்டுப்பாட்டகம் என்கிறோமே, அது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், சும்மா நிற்கிற வண்டி நிமிடத்துக்கு 1400 சுற்றில் இரைகிறது. புகைக்குழாயில் பெட்ரோல் வாடை. இரண்டு நாள் கழித்துப் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டேன். "ரீசெட் பண்ணியாச்சு சார், ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். என்னதான் செய்தீர்கள் என்று துருவிக் கேட்டதில், பேட்டரி ஒயரைப் பத்து நிமிடம் கழற்றி வைத்திருந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்த 850.

பிறகு சேலம் ரோட்டில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே ஒரு தம்பி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற பதினாறு முள் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகி என்னிடம் திருப்பிக் காட்டினார். பெட்ரோல் அளவில் கட்டுப்பாட்டகம் செய்கிற நெடுங்காலத் திருத்தம் +18 விழுக்காடு. குறுங்காலத் திருத்தம் –16, –17 என்று துடித்துக்கொண்டிருக்கிறது.

"பாருங்கண்ணா, ஒண்ணு ஊத்துன்னு சொல்லுது, இன்னொண்ணு ஊத்தாதன்னு இழுக்குது. பழைய பேக்கிங்ல காத்து ஒழுகிட்டு இருந்துச்சில்ல, அதுக்குப் பழகிப்போச்சு. அத மறக்கடிச்சாத்தான் புதுசு ஏறும்."

இந்த ஒரு வாக்கியத்தால்தான் இந்த இழையே.

என்ன நடக்கிறதென்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கு எடை 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கிற ஆக்சிஜன் உணரி, கூடிற்றா குறைந்ததா என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டகம் அதைக் கேட்டு உடனுக்குடன் கூட்டிக் குறைப்பது குறுங்காலத் திருத்தம். ஒரே பக்கமாகவே திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தால், "இந்த வண்டிக்கு இது வழக்கம்" என்று அதை நினைவில் எழுதிக்கொள்கிறது. அது நெடுங்காலத் திருத்தம். என் வண்டியில் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்ததால், பதினெட்டு விழுக்காடு கூடுதலாக ஊற்றக் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது பேக்கிங் புதிது, காற்று ஒழுகவில்லை. ஆனால் கற்றது போகவில்லை. த்ராட்டிலும் அதே கதைதான்: கரிக்கு ஈடாகக் கொஞ்சம் கூடத் திறந்து வைக்கப் பழகியது, கரி போன பிறகும் அதே அளவுக்குத் திறக்கிறது.

எங்கள் அப்பா பென்னாகரம் பக்கம் ஏர் ஓட்டியவர். இடத்து மாடு நோஞ்சானாக இருந்தால் வலத்து மாடு நுகத்தைத் தன் பக்கம் சாய்த்து இழுக்கப் பழகிவிடும். நோஞ்சானை விற்றுவிட்டு நல்ல மாடாகப் பிடித்து இடத்தில் கட்டினாலும், வலத்து மாடு பழைய சாய்விலேயே இழுக்கும், சால் கோணும். அப்பா இரண்டு மாட்டையும் வெறும் நுகத்தில் பூட்டி, பொட்டல் காட்டில் நான்கு நாள் நடத்துவார். அதற்கு அவர் சொல்லும் சொல்லும் 'பழக்கறது'தான். பட்டறைத் தம்பி சொன்னதும் எனக்கு அந்தப் பொட்டல்தான் கண்ணில் வந்தது.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

> மீட்டமை என்பதே போதும் ஐயா. அலைபேசி, கணினி எல்லாவற்றிலும் அதைத்தான்
> போட்டிருக்கிறோம். வண்டிக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு?

அம்மா, மொழியாக்கத்தில் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஆகவே தயங்கித்தான் சொல்கிறேன். 'மீட்டல்' என்றால் போனதைத் திரும்பப் பெறுவது. அடகு வைத்த நகையை மீட்டோம் என்றால், வைத்த அதே நகை கைக்கு வருகிறது. இங்கே எதுவும் திரும்பி வருவதில்லை, உள்ளே இருப்பதைத் தூக்கி எறிகிறோம். அலைபேசியைப் பொறுத்தவரை உங்கள் சொல் சரி, வாங்கிய நாளில் இருந்தபடி ஆகிவிடுகிறது, வேலை அதோடு முடிகிறது. வண்டியில் அழிப்பதோடு வேலை தொடங்குகிறது. எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று கம்பெனி எழுதிக் கொடுத்த அடிப்படை அட்டவணை எப்போதும் அழியாமல் அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் ஏறிய திருத்தம் மட்டும் சுழி, அதாவது பூஜ்யம், ஆகிறது. "அட்டவணை நோக்கில் அது மீட்டமைதானே" என்று நீங்கள் கேட்டால், ஆம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பில்லில் 'மீட்டமைத்தல் – 850' என்று தமிழில் அச்சடித்திருந்தாலும் நான் அன்று அதே மாதிரி ஏமாந்துதான் இருப்பேன். ஏனென்றால் பட்டறையில் 'ரீசெட்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் நாலு வேலை ஒளிந்திருக்கிறது.

முதலாவது, பிழைக்குறியை அழிப்பது. எச்சரிக்கை விளக்கு அணையும், அவ்வளவே. பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை) என்று குறி விழுந்த நேரத்தில் வண்டி என்ன வேகம், என்ன வெப்பம், எவ்வளவு சுமை என்று கூடவே ஒரு பதிவு இருக்கும், அதுவும் சேர்ந்து போய்விடும். எனவே பழுது பார்ப்பதற்கு முன் இதைச் செய்பவர் துப்பை அழிக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். இதற்குப் 'பிழைக்குறி அழிப்பு' என்பது எல்லோருக்கும் சம்மதம் போலிருக்கிறது, விட்டுவிடுவோம்.

அடுத்தது, கற்றதை அழிப்பது. என் வண்டிக்கு வேண்டியிருந்தது இது. பேட்டரியைக் கழற்றினால் பழைய வண்டிகளில் இது நடந்துவிடும், ஏனென்றால் கற்றதெல்லாம் மின்சாரம் இருந்தால்தான் தங்கும் நினைவகத்தில் இருந்தது. பின்னால் வந்த பல வண்டிகளில் மின்சாரம் போனாலும் போகாத நினைவகத்தில் எழுதுகிறார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோவும்தான் மறக்கும்.

மூன்றாவது, திரும்பப் பழக்குவது, இதற்குப் பிறகு வருகிறேன். நாலாவது, எழுதிப் பதிவது: டீசல் வண்டியில் இன்ஜெக்டர் மாற்றினால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி பொறித்திருக்கும். அது எவ்வளவு கூடக் குறையப் பீய்ச்சும் என்பதன் அடையாளம். அதைப் பார்த்துக் கட்டுப்பாட்டகத்தில் ஏற்ற வேண்டும். இதையும் பில்லில் 'ரீசெட்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை 'குறி பதிதல்' என்றால் போதும் என்பது என் எண்ணம். வீல் அலைன்மென்டுக்குப் பிறகு ஸ்டீரிங் கோண உணரிக்கு நேர் எது என்று காட்டுவதும் இந்த வகையில் சேருமா, தனியா என்று எனக்குக் குழப்பம். ஒருவர் 'சுழிவைப்பு' என்று பரிந்துரைத்திருந்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் சந்தையில் சுழி என்றால் மாட்டின் நெற்றியைத்தான் பார்ப்பார்கள்.

> கற்றதை அழிப்பதற்குப் 'பழக்கழிப்பு' என்று வைத்தால் என்ன அண்ணா?

ஓசூர்த் தம்பி, சுருக்கமாக இருக்கிறது, உண்மை. ஆனால் காதில் விழுந்ததும் குடிப்பழக்க மறுவாழ்வு மையம் நினைவுக்கு வருகிறது. அதோடு 'பழக்கு அழிப்பு' என்று பிரித்தால் பழக்கம் அழிகிறதா, பழக்குவது அழிகிறதா என்று தடுமாற்றம். பட்டறைத் தம்பி வாயில் வந்ததையே எடுத்துக்கொள்வோம்: மறக்கடிப்பு.

> மறக்கடி கொச்சை. கலைச்சொல்லுக்கு ஒரு மிடுக்கு வேண்டாமா?

ஐயா, 'தோற்கடி'யும் இதே அச்சில் வார்த்ததுதான். தோற்க + அடி என்று பிரித்து யாரும் அடிதடியாக நினைப்பதில்லை, செய்தித்தாள் தலைப்பில் நாள்தோறும் வருகிறது. தோற்கச் செய்தால் தோற்கடி, மறக்கச் செய்தால் மறக்கடி. 'மறப்பித்தல்' என்று இலக்கணச் சுத்தமாக ஆக்கலாம் என்கிறீர்கள், ஆக்கலாம். ஸ்கேனர் திரையில் பொத்தானாகப் போட்டுப் பாருங்கள்: 'மறப்பி'. யாருக்கும் கை நீளாது. 'மறக்கடி' என்றால் நீளும். மறக்கடித்தேன், மறக்கடித்தாயா, மறக்கடிக்காதே என்று எந்த விகுதிக்கும் இணங்குகிறது. மிடுக்கை விட இது பெரிது என்று நினைக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

எதை மறக்கடிக்கிறோம் என்பதற்குப் 'பழகுமதிப்பு'. இதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வினைத்தொகை: பழகிய மதிப்பு, பழகுகிற மதிப்பு, பழகப்போகும் மதிப்பு, மூன்று காலமும் உள்ளே. கட்டுப்பாட்டகம் செய்வதும் அதையேதான், ஒருநாளும் படித்து முடிப்பதில்லை. 'தகவமைப்பு மதிப்பு' என்ற மாற்றுப் பரிந்துரை உயிரியல் வகுப்பில் இருக்கட்டும்.

திரும்பப் பழகுவதில் தமிழ் நமக்கு ஒரு சலுகை தருகிறது. ஆங்கிலத்தில் வண்டி தானாகக் கற்றாலும் 'ரீலேர்ன்' என்ற ஒரே சொல், மெக்கானிக் உட்கார வைத்துக் கற்பித்தாலும் அதே சொல். நமக்குப் பழகு, பழக்கு என்று தன்வினை பிறவினை தனித்தனியாக இருக்கிறது. எரிபொருள் திருத்தம் ஓட்டத்தில் தானாகப் பழகிக்கொள்ளும், அது 'மறுபழகல்'. சின்ன மாற்றம் என்றால் மறக்கடிக்காமலே கூடக் கொஞ்ச நாளில் பழகிவிடும், மறக்கடித்தால் சீக்கிரம். த்ராட்டில் அப்படியில்லை, பல வண்டிகளில் ஒரு முறைப்படி உட்கார்ந்து செய்தாக வேண்டும், அது 'மறுபழக்கல்'. ஒரு 'க்' வித்தியாசத்தில், ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது எது, பட்டறைக்காரர் செய்ய வேண்டியது எது என்று பிரிந்துவிடுகிறது. அச்சில் அந்தப் புள்ளி விழாமல் போகுமோ என்று ஒருவர் பயந்திருந்தார். நியாயமான பயம். திருந்து திருத்து, ஆடு ஆட்டு என்று எத்தனையோ இணைகளை அப்படித்தான் சமாளித்து வருகிறோம்.

அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தம்பி பழகுமதிப்புகளை மறக்கடித்தார். இரண்டு திருத்தமும் சுழிக்கு வந்தன. சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் விட்டார், த்ராட்டில் உள்ளே கிர்ர் என்று ஒருமுறை முழுக்க மூடித் திறந்த சத்தம் கேட்டது. பிறகு ஸ்டார்ட் செய்து, ஏசி இல்லாமல், ஆக்சிலேட்டரில் யாரும் கால் வைக்காமல், ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை காத்திருந்தோம். அடுத்து ஏசி போட்டுக் கொஞ்ச நேரம். என் வண்டிக்கு இது முறை. வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் 1400 சுற்று 750-க்கு இறங்கியிருந்தது. "இனி பாலக்கோடு வரைக்கும் ஒரே வேகத்துல போய்ட்டு வாங்கண்ணா, அது பழகிக்கும்" என்றார். போய் வந்தேன். நெடுங்காலம் +2. வேலை அட்டையில் அவர் எழுதியிருந்தது: "மறக்கடிச்சாச்சு. பழக்கியாச்சு. ஓட்டிப் பழகணும்." மூன்று வேலை, மூன்று வினை. நம் குழுவை அவருக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் தீரவில்லை. குறிகளை அழித்ததும், புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி, ஆக்சிஜன் உணரி போன்றவற்றைக் கட்டுப்பாட்டகம் தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் அழிந்து 'முடியவில்லை' என்று காட்டும். பல நாள் ஓடிய பிறகே ஒவ்வொன்றாக 'முடிந்தது' ஆகும். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது பெரிய துப்பு: விளக்கும் எரியவில்லை, சோதனைகளும் முடியவில்லை என்றால், விற்பவர் நேற்றுத்தான் அழித்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம். நம்மூரில் பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த கார்களில் 2013 ஏப்ரல் முதல், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓ.பி.டி.-2 முறை கட்டாயமானதால், அதற்குப் பின் வந்த அத்தகைய கார்களில் கேட்டுப் பார்க்கலாம். இந்தச் சோதனைத் தேர்ச்சிக்குத் 'தேறல்' என்று போட நினைத்தேன். அழகான சொல், சின்னச் சொல். ஆனால் சங்கப் பாட்டில் தேறல் என்றால் கள். அதியமான் ஆண்ட தகடூரில், அதாவது இந்தத் தருமபுரியில், உட்கார்ந்துகொண்டு "வண்டிக்குத் தேறல் முடிந்ததா" என்று கேட்டால், போக்குவரத்துக் காவலர் முதலில் என் வாயைத்தான் ஊதச் சொல்வார்.

வேறு சொல் இருந்தால் தனி இழையில் அனுப்புங்கள். இந்த இழையில் மறக்கடிப்பு, பழகுமதிப்பு, மறுபழகல், மறுபழக்கல் ஆகிய நான்குக்கு மட்டும் ஞாயிறு வரை மறுப்புக் கேட்கிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து