எலக்ட்ரான் கேமில் ஸ்டீம் எஸ்டிகே சேர்த்த அனுபவங்கள்

ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய புதிர் கேம் ஒன்றை எலக்ட்ரானில் (வெப் நிரலை டெஸ்க்டாப் ஆப்பாக்கும் கருவி) கட்டி, ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தின் வசதிகளைத் தரும் ஸ்டீம்வொர்க்ஸ் எஸ்டிகேயோடு இணைத்தேன். ஆட்டக்காரருக்குச் சாதனைப் பதக்கம் தரும் அச்சீவ்மென்ட் பகுதி சீக்கிரமே முடிந்தது. ஸ்டீம்வொர்க்ஸ்.ஜேஎஸ் நூலகத்தை எலக்ட்ரானின் தலைமை ப்ராசஸான மெயின் ப்ராசஸில் ஏற்றி, ஸ்டீம் கிளையன்ட் ஓடும்போது ஸ்டீமின் மாதிரி கேமான ஸ்பேஸ்வாரின் ஆப் ஐடி 480-ஐக் கொடுத்தால் சோதித்துப் பார்க்கலாம். கேம் திரையிலிருந்து அந்த நூலகத்தை, ப்ராசஸ்களுக்கிடையே செய்தி அனுப்பும் ஐபிசி வழியாகத்தான் கூப்பிடுகிறேன். கேம் பக்கம் ஓடும் ரெண்டரர் ப்ராசஸில், நோட்.ஜேஎஸ்ஸை நேரடியாகப் பயன்படுத்த விடும் நோட் இன்டக்ரேஷனைத் திறந்துவிட்டால் வேலை குறையும்தான், பாதுகாப்பை நினைத்தால் மனம் வரவில்லை.

பாடாய்ப்படுத்தியது ஓவர்லே, அதாவது கேமின் மேல் ஸ்டீம் காட்டும் திரை. அதைத் திறக்க ஷிஃப்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. ஓவர்லே, கேமின் ப்ராசஸுக்குள் புகுந்து, ஒவ்வொரு ஃப்ரேமும் திரைக்குப் போகிற இடத்தில் தன் படத்தையும் சேர்த்து வரைகிறது. எலக்ட்ரானுக்குள் இருக்கும் பிரௌசரான குரோமியமோ வரைகிற வேலையைத் தனி ஜிபியு ப்ராசஸிடம் விட்டிருக்கிறது. இன்-ப்ராசஸ்-ஜிபியு, டிசேபிள்-டைரக்ட்-காம்போசிஷன் என்ற இரண்டு குரோமியம் சுவிட்சுகளையும் (தொடக்க அமைப்புகள்) ஆப் ரெடி ஆவதற்கு முன்பே சேர்த்ததும் ஓவர்லே எட்டிப் பார்த்தது.

ஆனால் மெனு பக்கத்தில் மட்டும் உறைந்து நின்றது. திரையில் எதுவும் மாறாதபோது குரோமியம் புது ஃப்ரேம் வரையாது. ஃப்ரேம் வராவிட்டால் ஓவர்லேவும் நகராது. மூலையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு கேன்வாஸ் வைத்து, அதை ஓயாமல் அழித்து வரைய விட்டேன். அடுத்த முறை ஓடவிட்டபோது மெனுவிலேயே அச்சீவ்மென்ட் அறிவிப்பு வழுக்கிக்கொண்டு மேலே வந்ததே, அந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது!

*

மிக உபயோகமான பதிவு, நன்றி. பேக்கேஜ் செய்யும் கட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன். டெவலப்மென்ட்டில் ஓடியது, பில்டில் ஸ்டீமே கிடைக்கவில்லை என்றால் முதலில், ஆப்பின் ஃபைல்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஆசார் காப்பகத்தைத் திறந்து பாருங்கள். ஸ்டீமோடு பேசும் ஸ்டீம் ஏபிஐ டிஎல்எல் ஃபைல் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸுக்கு ஆசாரின் உள்ளே பார்க்கத் தெரியாது. கம்பைல் செய்த நேட்டிவ் மாட்யூலையும் டிஎல்எல்லையும் ஆசார் அன்பேக் பட்டியலில் சேர்த்து வெளியே வையுங்கள். சோதனைக்கு வைத்த ஆப் ஐடி டெக்ஸ்ட் ஃபைல் பில்டோடு போகக் கூடாது.

*

பதிவு எழுதியவரைப் போலன்றி, நான் இதே வேலைக்கான கிரீன்வொர்க்ஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். எலக்ட்ரானின் பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் நேட்டிவ் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்டீம்வொர்க்ஸ்.ஜேஎஸ் ரஸ்டில் எழுதப்பட்டு பதிப்பு மாறினாலும் மாறாத நோட்-ஏபிஐ இடைமுகத்தின் மேல் நிற்பதால் அந்தத் தொல்லை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதையே சொல்வேன். ஸ்டாட்ஸை (ஆட்டப் புள்ளிவிவரங்கள்) சேமிக்கும் ஸ்டோர்ஸ்டாட்ஸ் அழைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அச்சீவ்மென்ட் ஸ்டீம் சர்வருக்குப் போய்ச் சேர்வது அதன் வழியாகத்தான்.