தெற்கு ஆஸ்திரேலியா: தொகுதி எல்லை மாறும்போது வேட்பாளரின் நிலை என்ன?

கேள்வி:
2014 மாநிலத் தேர்தலில், வாக்காளர்கள் வேட்பாளர்களை வரிசைப்படுத்தி அளிக்கும் விருப்ப வாக்குகளை இரு பெரிய கட்சிகளுக்கிடையே பகிர்ந்து கணக்கிட்டபோது, லிபரல் கட்சி 53 விழுக்காடு பெற்றது. ஆயினும் 47 இடங்களில் அதற்குக் கிடைத்தவை 22 மட்டுமே. 23 இடங்களை வென்ற தொழிற்கட்சி, சுயேச்சை உறுப்பினர் ஜெஃப் பிராக்கின் ஆதரவுடன் ஆட்சியில் நீடித்தது. இப்படி நேராமல் தடுப்பதற்கென்றே அங்கே ஒரு சட்டவிதி இருந்ததாகப் படித்தேன். அது ஏன் பலிக்கவில்லை? எல்லை மாறும்போது, வழக்கமாக வென்றுவரும் வேட்பாளர்கள் என்ன ஆகிறார்கள்?

மறுமொழி 1:
1991இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் வந்த விதி அது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் ஒரு நீதிபதி, தேர்தல் ஆணையர், தலைமை நில அளவையாளர் ஆகிய மூவர் அடங்கிய ஆணையம், பாதிக்கு மேல் வாக்குப் பெறும் தரப்பே ஆட்சியமைக்கும் வகையில், இயன்றவரை எல்லைகளைத் திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். திருத்துவதோ சென்ற தேர்தலின் கணக்கை வைத்து. மக்கள் வாக்களிப்பதோ அடுத்த தேர்தலில். லிபரல் வாக்குகள் நாட்டுப்புறத் தொகுதிகளில் தேவைக்கு மேல் குவிந்துகிடக்க, மாநிலத் தலைநகர் அடிலெய்டின் இழுபறித் தொகுதிகளைத் தொழிற்கட்சி தக்கவைத்துக்கொண்டது. 2010லும் இதே கதைதான். என்னைக் கேட்டால், நேற்றைய மழைக்கு இன்று குடை பிடிக்கச் சொன்ன சட்டம் அது.

மறுமொழி 2:
குடை முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. 2016 மறுவரையறையில் ஆணையம் அவ்விதியை முன்பைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றியது. நாட்டுப்புறத் தொகுதிகளில் வாக்காளர் எண்ணிக்கையைக் குறைத்து வைப்பது, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்ற கொள்கைக்கு முரணானது என்று தொழிற்கட்சி மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்றது. 2018இல், அதே எல்லைகளின் மீது நடந்த தேர்தலில், லிபரல் கட்சி 25 இடங்களுடன் ஆட்சியைப் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2017 டிசம்பரில், நாடாளுமன்றம் அந்த விதியை நீக்கிவிட்டிருந்தது.

மறுமொழி 3:
வேட்பாளர்கள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிட்ட பிராக்கே நல்ல சான்று. ஈய உருக்காலையின் புகைபோக்கி தொலைவிலிருந்தே தெரியும் போர்ட் பிரி நகரில் மேயராக இருந்தவர் அவர். 2009 இடைத்தேர்தல் முதல் ஃப்ரோம் தொகுதியை வென்றுவந்தார். 2020 மறுவரையறை அந்நகரை ஸ்டூவர்ட் தொகுதியில் சேர்த்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, கோடுதான் அதைத் தாண்டிப் போயிற்று. பிராக் ஊரைப் பின்தொடர்ந்து ஸ்டூவர்ட்டில் நின்றார். 2022இல் அங்கே துணை முதல்வர் டான் வான் ஹோல்ஸ்ட் பெல்லெகானையே தோற்கடித்தார். கட்சியின் பெயரால் விழும் வாக்கைத்தான் ஆணையத்தால் கணக்கிட முடியும். ஆளுக்காக விழும் வாக்கு அந்தக் கணக்கில் அடங்காது.

மறுமொழி 4:
எல்லை மாறியும் வெல்வது எல்லாருக்கும் வாய்க்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1997 முதல் ஃப்ளோரி தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்தவர் ஃபிரான்சஸ் பெட்ஃபோர்ட். 2016 மறுவரையறைக்குப் பின் அமைச்சர் ஜாக் ஸ்னெல்லிங் அத்தொகுதிக்கு மாற முனைந்ததால், கட்சியின் வேட்பாளர் தேர்வில் பெட்ஃபோர்ட் இடமிழந்தார். கட்சியை விட்டு விலகி 2018இல் சுயேச்சையாக நின்று வென்றார். ஸ்னெல்லிங்கோ அதற்கு முன்பே போட்டியிலிருந்து ஒதுங்கிவிட்டார். ஆனால், 2020இல் எல்லைகள் மீண்டும் மாறிய பின், 2022இல் பக்கத்துத் தொகுதியான நியூலண்டில் நின்ற பெட்ஃபோர்டுக்கு அந்த வெற்றி திரும்பக் கிட்டவில்லை.